லேடீஸ் பெட்டியின் ஒரே நம்பர்

கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில், லேடீஸ் பெட்டிக்கென்று ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறிப் பாருங்கள், தெரியும். ஆளுக்கொரு வேலை. மாரிகுப்பத்தில் ஏறுகிறவர்கள் அடுத்தடுத்த ஸ்டேஷன்காரிகளுக்குத் துப்பட்டா போட்டு இடம் பிடிக்க வேண்டும். ஒருத்தி பீன்ஸ் நறுக்குவாள், தன் வீட்டுக்கு மட்டுமில்லை, பையை நீட்டுகிற எல்லார் வீட்டுக்கும். இன்னொருத்தி ரவிக்கைக்குக் கொக்கி வைத்துத் தருவாள். கோரமண்டலில் ஏறுகிற எனக்குக் கணக்கு. பிள்ளைகள் வீட்டில் முட்டிக்கொண்ட கணக்கை அம்மாக்கள் போட்டோ எடுத்துக்கொண்டு வருவார்கள், நான் ரயில் போய்ச் சேர்வதற்குள் போட்டுக் கொடுத்துவிடுவேன். போன் வேலை மொத்தமும் ஒரே ஒரு அக்காவுடையது.

அந்த அக்கா ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தைத்து வரும் துணியைச் சரிபார்க்கிறவர். கேஸ் புக்கிங், கரண்ட் பில், ரீசார்ஜ், ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட், எல்லாமே அவர் போனில்தான் நடக்கும். மற்றவர்களிடம் போன் இல்லாமல் இல்லை. பாதிப் பேருடையது பிள்ளைகள் கையில் இருக்கும். மீதிப் பேருக்கு எதையாவது தப்பாக அமுக்கிவிட்டால் என்ன ஆகுமோ என்று பயம். அக்காவுக்கு அந்தப் பயம் கிடையாது. சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கட்டைவிரலாலும் தட்டுகிற வேகத்தைப் பார்த்தால், எங்கள் ஆபீஸில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவரை வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

என் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. சில ஆஸ்பத்திரிகளுக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட், ஸ்கேன், பரிசோதனை இவற்றையெல்லாம் போனிலேயே புக் செய்கிற ஆப் ஒன்றை நடத்தும் கம்பெனியில் இருக்கிறேன். ஆப் எழுதுகிறவள் நான் இல்லை. எழுதியது ஒழுங்காக ஓடுகிறதா என்று கண்காணிக்கிறவள். மானிட்டரிங் என்று பெயர். எங்கள் ஊர் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷனிலேயே காலம் தள்ளி ரிட்டயர் ஆன என் அப்பா, ஓடுகிறதைப் பார்க்கிறதுக்கு ஒரு சம்பளமா என்று கேட்டார். அவர் வாங்கிய சம்பளம் எதற்கு என்று திருப்பிக் கேட்டேன். அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

எங்கள் ஆபீஸில் ஒரு சுவர் பூராவும் திரை. ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு கட்டம், டேட்டாபேஸுக்கு ஒன்று, பணம் கட்டும் பகுதிக்கு ஒன்று, மெசேஜ் அனுப்பும் பகுதிக்கு ஒன்று. ஒழுங்காக ஓடினால் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குழு பொறுப்பு. எங்கள் மேனேஜருக்கு அந்தச் சுவர் மேல் தனிப் பாசம். ஆபீஸுக்கு யார் வந்தாலும், கொலு பார்க்க வந்தவர்களை நிறுத்துகிற மாதிரி அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்.

எனக்கு முதலிலிருந்தே அந்தச் சுவரோடு சண்டை. மெஷின்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று அது நன்றாகச் சொல்லும். முழங்கால் வலியோடு ஆப்பைத் திறந்தவர் டாக்டரைப் போய்ப் பார்த்தாரா என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கும். கண்காணிப்பை வாடிக்கையாளர் போகிற வழியை வைத்து அடுக்க வேண்டும், நம்மிடம் இருக்கிற மெஷின்களை வைத்து அடுக்கக் கூடாது என்று மீட்டிங்கில் சொல்லிக்கொண்டே இருந்தேன். நல்ல யோசனை என்பார்கள். நல்ல யோசனை என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவுவதில் எங்கள் ஆபீஸை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

இனி அந்தப் பெண். பூதிகோட்டையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் பங்காருபேட்டைக்கு வந்து எங்கள் பெட்டியில் ஏறுவாள். ஒயிட்ஃபீல்டில் ஒரு ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங். சின்ன வயது. அவளுக்கு ஒரே பையன், இரண்டு வயது ஆகப்போகிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. பக்கத்திலேயே குக்கர் விசில் அடித்தாலும் அவன்பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருப்பான். கோலாரில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காது கேட்கும் பரிசோதனை செய்ய வேண்டும், தள்ளிப் போடாதே, இந்த வயசில் காதில் விழாவிட்டால் பிறகு பேச்சு வருவது கஷ்டம் என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பையனைத் தூக்கிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்கே போயிருக்கிறாள். ஆப்பில் புக் செய்துகொண்டு வா என்று கவுண்டரிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதனால் எங்கள் அக்காவிடம் வந்தாள். அக்கா பையன் பேரைத் தன் நம்பரிலேயே பதிவு செய்தார். தினமும் காலையில் அந்தப் பரிசோதனைக்கான இடங்கள் திறக்கிற நேரமும் ரயில் பங்காருபேட்டையை விட்டுக் கிளம்புகிற நேரமும் ஏறக்குறைய ஒன்று. தினமும் அக்கா தட்டுவார். தினமும் "இடம் இல்லை" என்று வரும். எங்கள் பெட்டியில் யாராக இருந்தாலும் செய்வதையே அக்காவும் செய்தார், இன்னும் மும்முரமாகத் தட்டினார். டேக்கலுக்கு முன்னால் ஒரு தடவை, மாலூர் தாண்டி ஒரு தடவை. நடுவில் மற்றவர்களின் தைராய்டு டெஸ்டுக்கும் மாமியார்களின் கண் டாக்டருக்கும் பார்ப்பார். அதுவும் இடம் இல்லை. ஊரெல்லாம் ஒரே நோயாக இருக்கிறது போல என்று பேசிக்கொண்டார்கள். வாரங்கள் போயின. பையனுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது.

அது எங்கள் கம்பெனி ஆப் என்று பெட்டியில் ஒருத்திக்கும் தெரியாது. அவர்களுக்கு நான் கணக்குப் போடுகிறவள், ஏதோ ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறவள், அவ்வளவுதான். ஒரு நாள் அக்காவுக்கு அடுத்த சீட் காலியாக இருக்கவே அங்கே உட்கார்ந்தேன். எட்டிப் பார்த்தால் எங்கள் ஆப். "இடம் இல்லை" என்கிறது. கை சும்மா இருக்காமல் என் போனில் அதே ஆஸ்பத்திரி, அதே பரிசோதனையைத் திறந்தேன். அந்த வாரம் பூராவும் இடம் இருந்தது.

இரண்டு போனையும் என் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என் போனிலிருந்தே பையனுக்கு புக் செய்யப் பார்த்தேன். இந்தக் குழந்தை வேறு நம்பரில் பதிவாகியிருக்கிறது என்று தடுத்துவிட்டது. புதிதாகப் பதிவு செய்யப் பார்த்தேன், அதற்கும் அதே பதில். அந்தப் பெண் சீட்டுக்கு எதிரில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க போன்ல இடம் இக்குது, அவங்க போன்ல இல்லன்னுது. அப்போ இடம் இக்குதா, இல்லியா?"

எங்கள் சுவரில் இதற்குப் பதில் சொல்லும் கட்டம் ஒன்றுகூட இல்லை.

ஆபீஸுக்குப் போனதும் பையைக்கூட வைக்காமல் சுவரைப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை பச்சை. ஒவ்வொரு குழுவாகப் போய்க் கேட்டேன். இடம் தேடித் தருகிற குழு, நாங்கள் கண் இமைக்கும் நேரத்தில் பதில் அனுப்பிவிட்டோம் என்றது. பணம் வாங்குகிற குழு, அந்த நம்பர் எங்கள் வாசல் வரைக்கும் வரவே இல்லை என்றது. மெசேஜ் குழுவுக்கு அனுப்புவதற்கு ஒன்றும் இல்லை. யார் சொன்னதிலும் பொய் இல்லை. கடைசியில் செக்யூரிட்டி குழுவிடம் போனபோது குட்டு வெளிப்பட்டது.

இடங்களை மொத்தமாகப் பிடித்து வைத்துக்கொண்டு விற்கிற ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். அவர்களைத் தடுக்க செக்யூரிட்டி குழுவினர் ஒரு விதி போட்டிருந்தார்கள். ஒரே நம்பரிலிருந்து, வேறு வேறு குடும்பத்து ஆட்களுக்கு, அடிக்கடி புக் செய்தால் அது ஏஜெண்ட். தடுத்திருக்கிறோம் என்று சொன்னால் ஏஜெண்டுகள் நம்பரை மாற்றிவிடுவார்கள் என்பதால் குழுவினர் அதைச் சொல்ல மாட்டார்கள். இடம் இல்லை என்று மட்டும் காட்டுவார்கள். திரும்பத் திரும்பத் தட்டினால் சந்தேகம் இன்னும் கெட்டிப்படும். அக்கா வாரக்கணக்கில் விடாமல் தட்டித் தட்டி, தான் பெரிய ஏஜெண்ட் என்று தானே நிரூபித்துக்கொண்டிருந்தார். விதி செய்ய வேண்டியதைச் செய்ததால் அதன் கட்டமும் பச்சை.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பீன்ஸ் நறுக்குகிறவளைக் காய்கறி மொத்த வியாபாரி என்று பிடித்துக்கொண்டு போகாமல் விட்டார்களே. சிரித்து முடிந்ததும் கோபம் வந்தது. செக்யூரிட்டித் தலைவரிடம் போய், இது ஏஜெண்ட் இல்லை, எங்கள் ரயிலில் வருகிற அக்கா, இந்த நம்பரை விட்டுவிடுங்கள் என்றேன். அவர் மரியாதையாகவே மறுத்தார். எல்லா ஏஜெண்டுக்காகவும் யாராவது ஒருவர் வந்து எங்கள் அக்கா, எங்கள் அண்ணன் என்றுதான் சொல்கிறார்கள் என்றார். அதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. குழந்தையைப் பற்றிச் சொன்னேன். ஏஜெண்ட் இல்லை என்று காட்டுங்கள், அந்த நிமிஷமே எடுத்துவிடுகிறேன் என்றார்.

சரி, காட்டுகிறேன் என்று வந்துவிட்டேன். அன்று மாலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். அக்காவுக்கும் ஏஜெண்டுக்கும் எங்கே வித்தியாசம்? ஆப்பைத் திறப்பது, தேடுவது, இடம் எடுப்பது, பணம் கட்டுவது, உறுதி என்று மெசேஜ் வருவது, இதுவரை இருவரும் ஒரே மாதிரிதான். அதற்கு அப்புறம்தான் பிரிகிறார்கள். ஏஜெண்ட் எடுத்த இடம் கடைசி நேரத்தில் ரத்தாகி வேறு பெயருக்கு மாறும். அக்கா எடுத்த இடத்துக்கு, யார் பெயருக்கு எடுத்தாரோ அவரே போய் டாக்டர் முன்னால் உட்காருவார். ஆனால் எங்கள் கண்காணிப்பு மெசேஜ் போனதோடு முடிந்துவிடும். ஆஸ்பத்திரி வாசலில் நடப்பது ஆஸ்பத்திரியின் பாடு என்று விட்டிருந்தோம். நோயாளி வந்துவிட்டார் என்று கவுண்டரில் அமுக்கும் தகவல் மட்டும் தினமும் எங்களுக்கு வந்து ஒரு மூலையில் கிடந்தது. அது எந்தக் குழுவுக்கும் சொந்தமில்லை, அதனால் அதற்குச் சுவரில் கட்டமும் இல்லை.

அதை நான் எடுத்துக்கொண்டேன். வேறு யாரும் கேட்காத சொத்து, எனக்கென்ன. ஒரு ஆள் ஆப்பைத் திறப்பதிலிருந்து டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் ஒரே கோடாக இழுத்தேன். ஒவ்வொரு படியிலும் உள்ளே வந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த படிக்குப் போனார்கள், எங்கே நின்றுவிட்டார்கள் என்று எடுத்தேன். ஆபீஸில் எனக்கென்று தலையில் கட்டிய வேலைகள் இருந்ததால் இதை ரயிலில்தான் செய்தேன், போகும்போதும் வரும்போதும். நான் கேட்காமலே பெட்டிக்காரிகள் கணக்கு வேலையிலிருந்து எனக்கு லீவு கொடுத்தார்கள். என் வீட்டு பீன்ஸும் தானாக நறுக்கி வந்தது.

கோட்டைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாவது படியில், இடம் எடுக்கிற இடத்தில், பெரிய ஓட்டை. இடம் இருக்கும்போதே இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அவர்களில் நிறைய நம்பர்களில், தடுக்கப்படுவதற்கு முன்னால் எடுத்த இடங்களுக்கெல்லாம் நோயாளிகள் நேரே வந்திருந்தார்கள். அவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் பெட்டியைப் போலத் தெருக்களும் ஹாஸ்டல்களும் கிராமங்களும் இருக்கின்றன, அங்கேயும் எல்லாருக்குமாகத் தட்டுகிற ஒரு அக்காவோ தம்பியோ இருக்கிறார்கள் என்று மட்டும் புரிந்தது.

மீட்டிங்குக்கு முந்தின நாள் அக்காவிடம் அவர் போனை ஒரு நாளைக்கு இரவல் கேட்டேன். எதற்கு என்று சொன்னேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது, ஏனென்றால் அந்த போன் இல்லாவிட்டால் அன்று யாருக்கும் ஒன்றும் நடக்காது. அக்கா போனை முந்தானையால் ஒரு தடவை துடைத்தார்.

"பத்திரமா வெச்சிக்கோமா. இதுல பாதி கேஜிஎஃப்போட சிலிண்டர் இக்குது."

மீட்டிங்கில் நான் படம் எதுவும் காட்டவில்லை. மேனேஜரைத் தன் சுவருக்கு முன்னாலேயே உட்கார வைத்து, கையில் அக்காவின் போனைக் கொடுத்தேன். நீங்கள் பூதிகோட்டைக்காரர், உங்கள் பையனுக்குக் காது கேட்கவில்லை, இந்தப் பரிசோதனைக்கு இடம் எடுங்கள் என்றேன். தட்டினார். இடம் இல்லை. தன் சொந்தப் போனை எடுத்துத் தட்டினார். இருந்தது. சுவரை நிமிர்ந்து பார்த்தார், பச்சை. மறுபடியும் அக்காவின் போனை எடுத்து, அக்கா தட்டுகிற மாதிரியே விடாமல் தட்டினார். எத்தனை நாளாக இப்படி என்று கன்னடத்தில் கேட்டார். வாரக்கணக்கில் என்றேன், கோலார் டாக்டர் எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன். அவருக்கும் வீட்டில் சின்னக் குழந்தை உண்டு. போனை மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார்.

அப்புறம்தான் கோட்டைக் காட்டினேன். செக்யூரிட்டித் தலைவர் அக்காவின் நம்பரில் நடந்த பழைய புக்கிங்குகளை ஒவ்வொன்றாகத் தானே திறந்து பார்த்தார். எல்லாம் டாக்டர் வரைக்கும் போயிருந்தன. மனிதர் சொன்ன சொல் மாறவில்லை, அங்கேயே உட்கார்ந்து அந்த நம்பரைத் திறந்துவிட்டார். விதியையும் மாற்றுகிறேன், நோயாளி வந்து சேர்ந்தாரா என்று பார்த்துவிட்டுத்தான் இனி சந்தேகப்படும் என்றார். எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

அதற்குப் பிறகு சுவரும் மாறியது. இப்போது அது மெஷின் பெயரில் தொடங்குவதில்லை. டாக்டரைத் தேடுகிறார், இடம் எடுக்கிறார், பணம் கட்டுகிறார், ஆஸ்பத்திரிக்கு வருகிறார், டாக்டரைப் பார்க்கிறார் என்று ஓடுகிறது. மெஷின்கள் அந்தந்தப் படிக்குக் கீழே சின்னதாக இருக்கின்றன. ஒரு படியில் ஆட்கள் நின்றுபோனால், அதற்குக் கீழே இருக்கிற குழுக்கள் எல்லாம் சேர்ந்து எழுந்து வர வேண்டும், என் கட்டம் பச்சை என்று ஒருவர் தப்பிக்க முடியாது. மேனேஜர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு வருகிறவர்களிடம் தன் யோசனை மாதிரியே காட்ட ஆரம்பித்தார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரிந்தது, பொய் சொல்வானேன். ஆனால் சரியாகத்தான் விளக்குகிறார், போகட்டும்.

அந்த மீட்டிங்குக்கு மறுநாள் காலை பங்காருபேட்டை தாண்டியதும் அக்கா தட்டினார். இடம் வந்தது. இத்தனை பேருக்கு இத்தனை தட்டிய அக்காவின் விரல் அந்த ஒரு பட்டனுக்கு மேலே நின்றுவிட்டது. போனை அந்தப் பெண்ணிடம் நீட்டி, நீயே அமுக்கு என்றார். அவள் அமுக்கினாள்.

பரிசோதனை நடந்தது. பையனுக்குக் கொஞ்சம் கேட்கிறது, காதுக்கு மெஷின் வைத்தால் பேச்சு வரும், நல்ல வேளை இப்போதே வந்தீர்கள் என்றார்களாம். சில வாரங்களில் இரண்டு காதுக்கும் மெஷின் வைத்தார்கள். வைத்த அன்று அவனைத் தூக்கிக்கொண்டு மாலை ரயிலில் எங்கள் பெட்டியில் ஏறினாள்.

வண்டி கிளம்பும்போது ஹார்ன் அடித்தது. பையன் உடம்பு தூக்கிப் போட்டது, அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டு அழுதான். குழந்தை பயப்படுகிறது என்று யாரோ கை காட்ட, பெட்டி பூராவும் பேச்சு நின்றது. நறுக்குகிற கத்தி நின்றது. போன்களை அணைத்தார்கள். மூச்சு விடுவதற்கே யோசித்துக்கொண்டு எல்லாரும் அவனையே பார்த்தோம். அவள் எங்களைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏன் எல்லாரும் வாய மூடிக்கினீங்க? பேசுங்கக்கா. இதுக்குத்தான இம்மாம் பாடு பட்டோம். அவன் கேக்கட்டும்."

முதலில் அக்காதான் குனிந்து, இன்னாடா ராஜா, சாப்ட்டியா என்று கேட்டார். அழுகை பாதியில் நின்றது, அவர் வாயையே பார்த்தான். அவனுக்குப் பின்னால் இருந்த சீட்டிலிருந்து இன்னொருத்தி, இங்க பாருடா என்றாள். பையன் அம்மாவின் தோளிலிருந்து தலையை எடுத்து அந்தப் பக்கம் திரும்பினான்.